பிளேக் தடுப்பூசி தந்தவர் பழி சுமந்த கதை: யார் இந்த ஹாஃப்கின்?

மும்பை பரேலில் இருக்கும் ஹாஃப்கின் இன்ஸ்டிடியூட் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. அந்த வால்டெமார் ஹாஃப்கின் 1860-ல் ஒடெசாவில் பிறந்த யூதர். 1893-ல் காலரா தடுப்பூசியோடு இந்தியா வந்தார்.

1896-ல் பம்பாயில் பிளேக் பரவியது. கிருமிகளைச் சூடாக்கிக் கொன்று தடுப்பூசி தயாரித்தார். செத்த கிருமி நோய் தராது. ஆனா உடம்பு அதை அடையாளம் கண்டு ஆன்டிபாடிகளை உருவாக்கும். நிஜக் கிருமி வந்தா மோதத் தயாரா இருக்கும். 1897 ஜனவரி 10 அன்று அந்த ஊசியை முதலில் தனக்கே போட்டுக்கொண்டார்.

1902-ல் பஞ்சாபின் முல்கோவாலில் ஊசி போட்டுக்கொண்ட 19 பேர் டெட்டனஸால் இறந்தனர். பழி ஹாஃப்கின் மேல் விழுந்தது; பதவியும் போனது. அத்தனை பேருக்கும் மருந்து ஒரே பாட்டிலில் இருந்துதான் போயிருந்தது. அதைத் திறந்த இடுக்கி தரையில் விழுந்தது தெரியவந்தது. 1907-ல் பழி நீங்கியது.

1925-ல் பரேல் ஆய்வகம் அவர் பெயரைப் பெற்றது. 1930-ல் லோசானில் இறந்தார். தடுப்பூசி சரியா இருந்தா மட்டும் போதாது, போடுற விதமும் சுத்தமா இருக்கணும்னு அவர் வாழ்க்கை உங்களுக்குச் சொல்லும்.