மதிய உணவுக்கு வழி காட்டிய தியாகராயர்



மதிய உணவுத் திட்டம் என்றதும் நாம் காமராசரைச் சொல்வோம், எம்.ஜி.ஆரைச் சொல்வோம். ஆனால் அவர்களுக்கும் முன்னாலேயே சென்னையில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட வைத்தவர் நம்ம வடசென்னைக்காரர்தான். அவர் பெயர் சர் பிட்டி தியாகராயர். பழைய வண்ணாரப்பேட்டையில் தியாகராயா காலேஜ் இருக்கிறதே, அது அவர் பெயர்தான். தி.நகர் என்பதும் அவர் பெயர்தான். நம்மில் பலருக்குப் பெயர் தெரியும், அவர் செய்தது தெரியாது.

இவர் 1852-ஆம் ஆண்டு நெசவுத் தொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தார். அந்தக் காலத்திலேயே பி.ஏ. படித்தார். 1882 முதல் சுமார் 40 ஆண்டுகள் சென்னை மாநகராட்சியில் உறுப்பினராக இருந்தார். 1916-இல் டாக்டர் டி.எம். நாயர், டாக்டர் நடேசனார் ஆகியோருடன் சேர்ந்து நீதிக்கட்சியைத் தொடங்கினார். 1920 தேர்தலில் கட்சி ஜெயித்தது. முதல் மந்திரி பதவி தேடி வந்தும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அதே 1920-இல் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, செப்டம்பர் 16-ஆம் தேதி மன்றத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தினமும் டிபன் கொடுக்கவேண்டும், ஒரு பிள்ளைக்கு ஒரு அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது. அப்போது 16 அணா சேர்ந்தால்தான் ஒரு ரூபாய். வீட்டு வறுமையால்தான் பிள்ளைகள் வருவதில்லை என்பது தியாகராயருக்குத் தெரிந்திருந்தது. பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்கும் சாப்பாடு வந்தது.

ஒரு அணா டிபனால் என்ன பெரிசா நடந்துவிடும் என்று சிலர் கேட்கலாம். இதோ கணக்கு! அந்த ஐந்து பள்ளிகளில் 1922-23-இல் 811 பேர் படித்தார்கள். 1924-25-இல் 1671 பேர். இரண்டு மடங்குக்கு மேல்!

ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவு செய்யக் கூடாது என்று வெள்ளைக்காரர் அரசாங்கம் சொன்னதால், 1925 ஏப்ரல் 1-ஆம் தேதி திட்டம் நின்றது. அதே ஆண்டில் தியாகராயரும் காலமானார். சாப்பாடு நின்றதும் பிள்ளைகளும் குறைந்தார்கள். மாநகராட்சி விடாமல் கேட்டது. இரண்டு ஆண்டு கழித்து, 25 பள்ளிகளில் 1000 ஏழைப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட அனுமதி கிடைத்தது.

சோத்துக்காகத்தான் கவர்மெண்டு ஸ்கூலுக்குப் போறாங்க என்று சிலர் கேலி பேசுவதை நானும் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பசித்த வயிற்றோடு உட்கார்ந்தால் கணக்கும் ஏறாது, ஆங்கிலமும் ஏறாது. சாப்பாடும் படிப்புக்கு உள்ள செலவுதான். தியாகராயர் இதை 1920-லேயே புரிந்துகொண்டார்.

அவர் தொடங்கியது சின்னதுதான். காமராசர் 1956-இல் அதைத் தமிழகம் முழுக்கக் கொண்டுபோனார். எம்.ஜி.ஆர். 1982-இல் சத்துணவாகப் பெரிதாக்கினார். 2022-இல் காலை உணவும் வந்தது. ஆலமரம் பெரிசு என்பதற்காக விதையை மறக்கலாமா? ரிப்பன் மாளிகை பக்கம் போனால் அவர் சிலையை ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி