இசைத்தட்டு வணிகர் மெய்யப்பர்

ஆவடியிலும் அம்பத்தூரிலும் புறநகர் இரயிலேறி நாள்தோறும் கல்லூரிக்கு வரும் மாணவருட் பலர், செவியிற் சிறு கருவியொன்றைப் பொருத்திக்கொண்டு, பாடுவோர் முகத்தைக் காணாமலே பாட்டில் ஈடுபட்டிருப்பதை யாம் காண்கின்றோம். பாடுவோர் எங்கோ இருக்க, குரல் மட்டும் நம்மிடம் வந்து சேரும் இந்நிலை இன்று எவர்க்கும் வியப்பளிப்பதில்லை. நூறாண்டுகளுக்கு முன்னரோ, அது தமிழ்நாட்டில் புதுமையினும் புதுமை. அப்புதுமையின் பயனைக் கடைப்பலகையில் அமர்ந்து கற்றறிந்தவர் ஏ. வி. மெய்யப்பச் செட்டியார். உலகம் அவரைப் படமுதலாளி என்றே அறியும். அவர் முதலில் இசைத்தட்டு விற்றவர் என்பதைப் பலரும் மறந்தனர். அதனை மறந்தால் அவர்தம் பிற்காலச் செயல்களின் உட்பொருள் விளங்காது என்பது எம் துணிபு.

மெய்யப்பர் 1907ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 28ஆம் நாள் காரைக்குடியில் நகரத்தார் குடியிற் பிறந்தார். தந்தையார் ஆவிச்சி செட்டியார் அவ்வூரில் நடத்திய கடையில் மற்றப் பொருள்களோடு கிராமபோன் தட்டுகளும் விற்கப்பட்டன. மெய்யப்பர் இளமையிலேயே அக்கடையில் அமர்ந்தார். அங்கே வாங்க வந்தோர் எந்தப் பாட்டைக் கேட்டதும் நின்றனர், எதனைக் கேட்டு முகஞ்சுளித்தனர் என்பதைப் பார்த்திருந்ததே அவர் பெற்ற இசைப்பயிற்சி எனலாம். அவர் வித்துவானல்லர், ஆயினும் கேட்போர் செவியை அவரைப்போல் அறிந்த வித்துவான்கள் மிகச் சிலரே.

அக்காலத்துத் தட்டு எத்தன்மையது என்பதை இக்கால மாணவர்க்குச் சிறிது விளக்குதல் வேண்டும். வினைல் என்னும் பொருளால் ஆகிய நீண்ட நேரத் தட்டு 1948ஆம் ஆண்டிலேதான் அமெரிக்காவில் வெளிவந்தது. அதற்கு முற்பட்டவை அரக்குக் கலவையால் ஆனவை. கை தவறினால் உடைந்துவிடும். பத்து அங்குல அகலமுள்ள தட்டு நிமிடத்திற்கு எழுபத்தெட்டு முறை சுழலும். ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டே அடங்கும். விடிய விடிய நடக்கும் நாடகத்தையும், மூன்று நான்கு மணி நேரம் நீளும் கச்சேரியையும் கேட்டுப் பழகிய மக்கள், மூன்று நிமிடத்தில் முடியும் இராகத்தைக் கேட்கத் தலைப்பட்டனர். எஃகு ஊசியைப் பக்கத்திற்கு ஒரு முறை மாற்ற வேண்டும். கைப்பிடியைச் சுற்றி வில்லை முறுக்கேற்ற வேண்டும். தட்டைத் திருப்பிப்போட வேண்டும். இவ்வளவு தொண்டு செய்தபின் கேட்கும் பாட்டில் மனம் சிதறுமோ? தட்டுகளைத் தேடிச் சேர்த்த முதியோர் இன்றும் ஏங்கி நினைப்பது அத்தொண்டினையும் சேர்த்துத்தான் என்று எமக்குத் தோன்றுகின்றது.

பிறர் பதிவுசெய்த தட்டுகளை விற்பதில் மெய்யப்பர் நிறைவடையவில்லை. தாமே பாடவைத்துப் பதிவுசெய்யக் கருதிச் சென்னைக்கு வந்தார். 1930களின் தொடக்கத்தில், நண்பர் சிலருடன் கூட்டுச் சேர்ந்து சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்னும் நிறுவனத்தை அமைத்தார். ஜெர்மனி நாட்டு ஓடியன் கம்பெனியின் தட்டுகள் தமிழர் இல்லங்களுக்கு அதன் வழியாக வந்தன. ஒலிவாங்கியின் துணையால் மின்சார முறையிற் பதிவுசெய்யும் வழக்கம் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே தோன்றியிருந்தது. பழைய ஊதுகுழலின்முன் உரத்துக் கூவினாலன்றிப் பதியாதிருந்த நிலை மாறி, மெல்லிய குரலும் தட்டில் ஏறியது.

நிற்க. பேசும்படம் வந்தபின் தட்டு வணிகர்க்கு ஒரு கலக்கம் உண்டாயிற்று. மக்கள் திரையிற் கேட்ட பாட்டையே தட்டிலும் கேட்டனர். மெய்யப்பர் காலத்தை நொந்துகொண்டிராமல் படத்தொழிலிற் புகுந்தார். கல்கத்தாவில் எடுத்த அல்லி அர்ஜுனா 1935இல் வெளிவந்து வீழ்ந்தது. அதே ஆண்டின் இரத்னாவளியும் கைகொடுக்கவில்லை. பொருளை இழந்தார், பாடத்தை இழக்கவில்லை. 1938இல் வந்த நந்தகுமார் என்னும் படத்தில், நடிகை ஒருவர் வாயசைக்க, லலிதா வெங்கட்ராமன் என்பவர் மறைவிலிருந்து பாடிய குரலைச் சேர்த்தார். தமிழ்ப் படத்திற் பின்னணிப் பாடல் அதனொடு தொடங்கிற்றெனப் பலரும் கூறுவர். பாடத் தெரிந்தவரே நடிகராவர் என்றிருந்த நாளில் இது துணிச்சலான செயல். எனினும் தட்டு விற்றவர்க்கு இதில் என்ன அதிசயம்? முகமில்லாத குரல் விலைபோகும் என்பதை அவர் காரைக்குடிக் கடையிலேயே கண்டவரன்றோ!

1945ஆம் ஆண்டின் ஸ்ரீவள்ளியில் இதனினும் தெளிவாக அவர்தம் செவி தெரிகின்றது. கதைத்தலைவியாக நடித்த ருக்மிணியின் பாட்டு, டி. ஆர். மகாலிங்கத்தின் ஓங்கிய குரலுக்கு ஈடுகொடுக்கவில்லையென உணர்ந்தார். எடுத்த காட்சிகளை அழிக்காமல் குரலை மட்டும் நீக்கி, பி. ஏ. பெரியநாயகியைப் பாடச்செய்து பொருத்தினார். படம் பெருவெற்றி பெற்றது. முன்னரே, கன்னட அரிச்சந்திராவுக்குத் தமிழ்ப் பேச்சை ஏற்றி 1944இல் வெளியிட்டதும் இவ்வகை முயற்சியே. நடித்தவர் குரலை இழந்தாரே என்று இரங்குவார்க்கு யாம் மறுமொழி கூறவியலாது. இழப்பு உண்மைதான்.

இனி, அவர் வாழ்வில் மிகுதியும் எண்ணத்தக்க நிகழ்ச்சிக்கு வருவோம். பாரதியார் 1921இல் மறைந்தார். அக்காலச் சட்டப்படி ஆசிரியர் மறைந்தபின் ஐம்பது ஆண்டுகள்வரை நூலுரிமை நீடிக்கும். அவர் பாடல்களை இசைத்தட்டில் ஏற்றும் உரிமை தனியே பிரிந்து வணிகர் கைக்குப் போயிருந்தது. 1940களில் மெய்யப்பர் அதனை விலைகொடுத்து வாங்கினார். 1947ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நாடு விடுதலையடைவதற்குச் சில திங்கள் முன்பே, நாம் இருவர் என்னும் படத்தில் அப்பாடல்களை டி. கே. பட்டம்மாளின் குரலில் நாடு கேட்டது. குமாரி கமலா ஆட, பட்டம்மாள் பாட, நூலிற் கிடந்த பாரதி தெருவெல்லாம் ஒலித்தான். அச்சு நூல் செல்லாத வீட்டிற்கும் தட்டு சென்றது.

ஆயினும் ஒரு கவிஞன் பாட்டைப் பாடுதற்கு ஒரு வணிகரிடம் இசைவு கேட்கவேண்டுமோ என்னும் கேள்வி எழாதிருக்கவில்லை. 1948இல் டி. கே. எஸ். சகோதரர்கள் பில்ஹணன் என்னும் படத்தில் பாரதி பாட்டொன்றைச் சேர்க்க, மெய்யப்பர் தரப்பில் தடை எழுந்தது. எழுத்தாளரும் நாடகக்காரரும் கிளர்ந்தனர். பாரதி நாட்டுக்குரியவன் என்னும் முழக்கம் வலுத்தது. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையிலிருந்த சென்னை அரசாங்கம் 1949இல் பாரதி நூல்களின் உரிமையை ஏற்றது. மெய்யப்பர் தம்மிடமிருந்த உரிமையைப் பணம் பெறாமலே அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். இதனைக் கொடை என்பார் உளர். எதிர்ப்புக்கு இணங்கினார் என்பாரும் உளர். இரண்டும் உண்மையாதலில் முரண் ஒன்றும் இல்லை. விலைகொடுத்து வாங்கியதை விலையின்றி விடுதல் எவ்வணிகர்க்கும் எளிதன்று.

காரைக்குடியில் இருந்த படப்பிடிப்பு நிலையம் 1948இல் சென்னைக்கு மேற்கே வடபழனிக்கு வந்தது. அங்கிருந்து வெளிவந்த வாழ்க்கை, பராசக்தி முதலிய படங்களை விரித்துரைத்தல் ஈண்டு வேண்டுவதில்லை. திரைப்பாட்டுத் தட்டுகள் பெருகின. பூவிருந்தவல்லியிலும் அதனைச் சுற்றிய சிற்றூர்களிலும் கலியாணப் பந்தல்தோறும் ஒலிபெருக்கி முழங்கியது. படத்தைச் சாராத தனித் தட்டு மெல்ல ஒதுங்கியது. அதனை ஒதுக்கியவருள் அதன்மூலம் வாழ்வு தொடங்கிய மெய்யப்பரும் ஒருவர் என்பதைச் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது.

அவர் 1979ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12ஆம் நாள் மறைந்தார். ஒலிநாடாப் பேழைகள் தட்டுகளைப் பின்தள்ளிய காலம் அது. வீடுகளிலிருந்து கழிக்கப்பட்ட பழந்தட்டுகள் சென்னை மூர் மார்க்கெட்டில் குவிந்தன. சேர்ப்போர் அங்கே குனிந்து தூசி தட்டித் தேடினர். 1985இல் அச்சந்தை தீக்கிரையாயிற்று. ஆவடி இரயில்கள் வந்து நிற்கும் மூர் மார்க்கெட் நிலையம் அவ்விடத்திற்றான் எழுந்துள்ளது. தம் வீட்டுப் பரணில் அரக்குத் தட்டு ஏதேனும் கிடக்கக் காணும் மாணவர், அதனை எடைக்குப் போடாமல் உறையோடு நேரே நிறுத்திவைப்பாராக. படுக்கவைத்து மேலே சுமையேற்றினால் அது வளைந்துவிடும்.