ஒயில் போடப் பணிக்கப்பட்ட பொறியியலாளர்

சில வாரங்களுக்கு முன் ஓர் இரவு, இஷாத் தொழுகை முடிந்து வந்த நேரம், என் தங்கையின் மகன் வளைகுடாவிலிருந்து அழைத்தான். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துச் சான்றிதழோடு போனவன். சிறு விமானங்கள் நிறுத்தும் கொட்டகை ஒன்றில் உதவியாளாக இருக்கிறான். கழுவுவதும் துடைப்பதும் ஒயில் கேன் தூக்குவதும்தான் வேலை. அங்குள்ள ஜைரோபிளேன் ஒன்றின் கியர் பொக்ஸ், ஒவ்வொரு முறை பறந்து இறங்கிய பிறகும் கிட்டப் போக முடியாத அளவுக்குச் சுடுகிறதாம். எந்த ஒயில் ஊற்றினால் சூடு குறையும் மாமா என்று கேட்டான்.

நான் கல்முனையில் முப்பது வருடத்துக்கு மேலாகக் கராஜ் வைத்திருப்பவன். ஓட்டோ, லேண்ட்மாஸ்டர், தோணி இஞ்சின் எல்லாம் திறந்திருக்கிறேன். விமானம் திறந்ததில்லை. ஆனால் அவன் சொல்லச் சொல்ல எனக்குத் தெரிந்த சாமான்தான் என்று பட்டது. ஜைரோபிளேன் பார்க்கச் சின்ன ஹெலிகொப்டர் மாதிரி இருக்கும். ஆனால் பறக்கும்போது மேலே சுழலும் நீண்ட தகடுகளை இஞ்சின் சுற்றுவதில்லை, எதிரே வரும் காற்றுத்தான் சுற்றுகிறது. இஞ்சின் தள்ளுவது பின்பக்கத்து விசிறியை மட்டும். இஞ்சின் நிமிடத்துக்கு ஐயாயிரம், ஆறாயிரம் சுற்றுச் சுற்றும். விசிறி அந்த வேகத்தில் சுற்றினால் இரைச்சல்தான் மிஞ்சும், தள்ளு இராது. அதனால் நடுவில் வேகத்தைக் குறைக்க ஒரு கியர் பொக்ஸ் வேண்டும். மெதுவாகப் பறக்கும் வண்டி, இஞ்சினோ முழு மூச்சில் ஓடும், அடிக்கும் காற்றும் குறைவு. சூடேறாமல் என்ன செய்யும்?

இந்த வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது ஒஸ்திரியாவின் ரோட்டக்ஸ் இஞ்சின். அதில் இரண்டு சாதி உண்டு. எங்கள் ஓட்டோக்காரருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பழைய டூ ஸ்ட்ரோக் ஓட்டோவில் இஞ்சினுக்குப் பெட்ரோலோடு 2டி கலப்போம், கியர் பொக்ஸுக்குத் தனி ஒயில். ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டுக்கும் ஒரே ஒயில். ரோட்டக்ஸிலும் 582 என்ற டூ ஸ்ட்ரோக் இஞ்சினின் கியர் பொக்ஸுக்குத் தனிக் கியர் ஒயில். 912 என்ற ஃபோர் ஸ்ட்ரோக்கில் இஞ்சின் ஒயிலே கியருக்கும் போகிறது. அதில் உராய்வு குறைக்கும் மருந்து கலந்த கார் ஒயிலை ஊற்றினால் உள்ளிருக்கும் கிளட்ச் வழுக்கும். மோட்டார் சைக்கிளுக்குக் கார் ஒயில் ஊற்றிவிட்டுக் கிளட்ச் போய்விட்டது என்று என்னிடம் வந்த பொடியன்கள் எத்தனை பேர்!

அவனுடையது 582. தடித்த ஒயில்தான் கியருக்கு நல்லது என்று அங்கே யாரோ அளவுக்கு மேலே ஊற்றி வைத்திருப்பதாகச் சொன்னான். எங்கள் ஊரிலும் இதே நம்பிக்கைதான். பல்லுக்கும் பல்லுக்கும் இடையில் நிற்க வேண்டியது தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லிய ஒரு படலம். ஒயில் தேவைக்கு மேல் மெலிந்தால் அந்தப் படலம் கிழிந்து இரும்போடு இரும்பு உரசும். தேவைக்கு மேல் தடித்தாலோ, அளவு கூடினாலோ, கியர் அதைக் கடைந்து கடைந்தே சூடாக்கும். ஆகவே சூட்டைக் கண்டதும் இன்னும் தடித்ததைத் தேடக் கூடாது, முதலில் அளவைப் பார், பிறகு இஞ்சின் கொம்பனியின் கைந்நூலில் எழுதிய தரத்தை மட்டும் ஊற்று என்றேன். ஓட்டோ நின்றால் தள்ளிக்கொண்டு போகலாம். ஆகாயத்தில் கராஜ்காரனின் அனுமானத்துக்கு இடமில்லை.

பேச்சை முடிக்கும்போது அவன் குரல் இறங்கியது. தான் சொன்னால் அங்கே யார் கேட்பார்கள், தான் துடைக்கிறவன்தானே என்றான்.

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. மறுநாள் எனக்குத் தொழில் பழக்கிய அண்ணனுக்குக் கனடாவுக்கு அழைத்தேன். அவர் கல்முனைத் தமிழ்ப் பகுதியைச் சேர்ந்தவர். ஒயிலை விரலில் தொட்டு மூக்குக்குக் கிட்டப் பிடித்தே, கருகியதா, தண்ணீர் கலந்ததா என்று சொல்லிவிடுவார். 1990 இல் எங்கள் கரையில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் தெருவுக்குள் மற்றவர் போக அஞ்சிய நாட்களில், அவர் குடும்பத்தோடு போய்விட்டார். சாவியை என் கையில்தான் தந்தார். ஒன்ராறியோவில் இறங்கிய பிறகு பல வருடம் தொழிற்சாலை ஒன்றில் பெட்டி அடுக்கினார். அந்தக் கை பெட்டி அடுக்கியது என்பதை நினைக்க எனக்கு இன்றும் ஒரு மாதிரி இருக்கும். மருமகனின் கதையைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டு, தன் மாகாணத்தில் பிறந்த ஒரு மனிதனின் கதையைச் சொன்னார். பிறகு நானும் தேடிப் படித்தேன். எலைஜா மக்கோய் என்பது அவர் பெயர்.

மக்கோயின் தாயும் தகப்பனும் அமெரிக்காவின் கெண்டக்கியில் அடிமைகளாக இருந்தவர்கள். அங்கிருந்து தப்பி, இரவுகளில் நடந்தும் நல்ல மனிதர்களின் வீடுகளில் ஒளிந்தும் கனடாவுக்கு வந்து சேர்ந்தவர்கள் வழியில் அவர்களும் வந்தார்கள். கனடா அப்போது பிரித்தானிய ஆட்சியில் இருந்தது, அங்கே அடிமை முறை ஒழிந்திருந்தது. எரி ஏரிக்கரையில் கொல்செஸ்டர் என்ற ஊரில் 1844 இல் எலைஜா பிறந்தார். அகதியின் பிள்ளை என்றுதான் நாம் சொல்வோம்.

பிள்ளைக்கு இயந்திரங்களில் விருப்பம் என்று கண்ட பெற்றோர் பதினைந்து வயதில் அவரைக் கடல் கடந்து ஸ்கொட்லாந்தின் எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். அங்கே இயந்திரப் பொறியியல் பழகித் தேர்ந்தார். பிறகு குடும்பம் குடியேறியிருந்த மிச்சிகன் மாநிலத்து இப்சிலான்டிக்கு வந்து வேலை தேடினார். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை சட்டத்தில் ஒழிந்திருந்தது. ஆனாலும் கறுப்பர் ஒருவருக்குப் பொறியியலாளர் வேலை தர யாரும் தயாராக இல்லை. மிச்சிகன் சென்ட்ரல் ரயில்வேயில் கிடைத்தது நிலக்கரி அள்ளிப் போட்டு, ஒயில் ஊற்றும் வேலை.

எங்கள் அம்பாறைக் கரையில் ரயில் பாதை கிடையாது. ரயில் பார்க்க மட்டக்களப்புக்குப் போக வேண்டும். ஆனால் ஒயில் ஊற்றும் வேலை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். சிறு வயதில் அரிசி ஆலை ஒன்றில், கூரைக்குக் கீழே ஓடும் நீண்ட தண்டின் தாங்கிகளுக்கு ஒயில் குப்பியோடு ஏணியில் ஏறியவன் நான். நிறுத்தினால் நேரம் போகும் என்று ஓடும்போதே ஊற்றச் சொல்வார்கள். என் சாரத்தைப் பட்டி ஒரு முறை இழுத்தது. சாரம்தான் போனது, அல்ஹம்துலில்லாஹ்.

மக்கோயின் காலத்து ரயில் இஞ்சின்களில் பல இடங்களுக்கு ஒயில் போட வேண்டுமென்றால் வண்டியை நிறுத்த வேண்டும். கொஞ்ச தூரம் ஓடுவது, நிற்பது, ஒயில்காரன் இறங்கிச் சுற்றி வந்து ஊற்றுவது, மீண்டும் ஓடுவது. தாமதித்தால் சூடேறி இரும்பு இரும்பைத் தின்னும். இதை மேசையில் இருந்து படம் வரைந்தவர்கள் அறிக்கையில் படித்திருப்பார்கள். மக்கோய் அதைத் தன் கையால் செய்தார், செய்துகொண்டே எடின்பரோவில் படித்த கணக்கையும் போட்டார். நீராவிக்குள்ளே அழுத்தம் இருக்கிறதே, அந்த அழுத்தமே வால்வைத் திறந்து ஒயிலை உள்ளே விட்டால் என்ன? இஞ்சின் வேலை செய்யும்போது ஒயில் தானே போகும். 1872 ஜூலை 23 அன்று, நீராவி இஞ்சினுக்குத் தானாக ஒயில் ஊட்டும் கருவிக்கு அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அப்போது வயது 28.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இணையத்தில் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இப்படியொரு கருவியை உலகில் முதலில் செய்தவர் அவரே என்கிறார்கள். அது சரியல்ல. இங்கிலாந்தில் ராம்ஸ்பொட்டம் என்பவர் 1860 இலேயே இதுபோன்ற ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். அசல் சாமானைக் குறிக்கும் ரியல் மக்கோய் என்ற ஆங்கில வழக்கும் இவர் பெயரால் வந்தது என்பார்கள். ஆனால் ஸ்கொட்லாந்தில் மக்கே என்ற பெயரோடு அந்தப் பேச்சு அவருக்கு முன்பே இருந்திருக்கிறது. இந்த அலங்காரங்களைக் கழற்றி வைத்தாலும் அவருக்குக் குறைவில்லை. வாழ்நாளில் 57 காப்புரிமைகள் பெற்றவர். பெரும்பாலானவை ஒயில் ஊட்டுவது பற்றியவை. இடையில் துணி அழுத்தும் மடக்கு மேசைக்கும், புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் கருவிக்கும் கூட வாங்கியிருக்கிறார்.

ஒரே விடயத்தை ஏன் நாற்பது வருடத்துக்கு மேல் விடாமல் செய்தார் என்று கேட்டால், இஞ்சின் மாற மாற ஒயிலின் பாடும் மாறியது. ஆரம்பத்தில் நீராவி உருளைகளுக்கு மாட்டுக் கொழுப்பை உருக்கி ஊற்றினார்கள். சூடு கூடியபோது கொழுப்பு சிதைந்து அமிலமாகி இரும்பை அரித்தது. 1859 இல் பென்சில்வேனியாவில் எண்ணெய்க் கிணறு தோண்டிய பிறகு கனிய எண்ணெய் வந்தது. அது அரிக்காது, ஆனால் நீராவியின் ஈரத்தில் தனியே நின்று ஒட்டாது. அதனால் அதிலும் கொஞ்சம் கொழுப்பைக் கலந்தார்கள், நீரோடு குழைந்து சுவரில் ஒட்டட்டும் என்று. கியர் பொக்ஸில் இதே குழைவு நஞ்சு. 2004 சுனாமிக்குப் பிறகு மருதமுனையிலிருந்தும் சாய்ந்தமருதிலிருந்தும் என்னிடம் வந்த வண்டிகளின் கியர் பொக்ஸைத் திறந்தால் பால்தேநீர் நிறத்தில்தான் ஒயில் வடிந்தது. சிலர் வண்டியைத் தர வந்துவிட்டு, யார் யார் போனார்கள் என்று சொல்லிக்கொண்டு அப்படியே இருந்துவிடுவார்கள். நான் வடிவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்னும் சூடேற்றிய நீராவியில் ரயில் இஞ்சின்கள் ஓடின. அந்தச் சூட்டில் ஒயில் கருகிப் படிந்தது. எழுபது வயது கடந்த மக்கோய், ஒயிலோடு கிராஃபைட் தூளையும் அடைக்காமல் கொண்டு செல்லும் ஊட்டியைச் செய்து 1915 இல் காப்புரிமை பெற்றார். தன் கருவிகளில் சிறந்தது அதுவே என்று கருதினாராம்.

பணம்? அங்கேதான் கதை நமக்குப் பழக்கமானதாகிறது. சொந்தமாகத் தொழிற்சாலை போட முதல் இல்லாததால் உரிமைகளைப் பணக்காரர்களுக்கு எழுதிக் கொடுத்தார். கருவிகள் அவர் பெயர் பொறிக்கப்படாமலே ரயில்களிலும் கப்பல்களிலும் ஓடின. தன் பெயரில் டெட்ரோயிட்டில் ஒரு கொம்பனி தொடங்கியது 1920 இல், வயது எழுபத்தாறில்.

வீட்டிலும் அவருக்கு இழப்புத்தான். முதல் மனைவி ஆன் எலிசபெத், மணமுடித்து நான்கு வருடத்தில் இறந்தார். அது முதல் காப்புரிமை கிடைத்த அதே 1872. அடுத்த வருடம் மேரி எலனோராவை மணந்தார். மேரியும் அடிமை நிலையிலிருந்து தப்பியவர்களின் மகள். டெட்ரோயிட்டில் ஆதரவற்ற கறுப்பின மூதாட்டிகளுக்கு ஓர் இல்லம் அமைக்க முன்னின்றவர். 1922 இல் இருவரும் கார் விபத்தில் சிக்கினார்கள். அடுத்த ஆண்டு மேரி இறந்தார். மக்கோய் உடலும் மனமும் தளர்ந்து, ஏழைகளையும் முதியோரையும் வைத்துப் பார்க்கும் ஈலோயிஸ் மருத்துவ இல்லத்தில் சேர்க்கப்பட்டு, 1929 ஒக்டோபர் 10 அன்று 85 வயதில் இறந்தார். 2012 இல் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் தலைநகருக்கு வெளியே தன் முதல் கிளையை டெட்ரோயிட்டில் திறந்தபோது, அதற்கு அவர் பெயரை வைத்தது. எண்பத்து மூன்று வருடம் கழித்து.

அண்ணன் இதைச் சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, கராஜின் பழைய சுவரில் அவர் மாட்டிய சாவிப் பலகை இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

மருமகனிடம் இந்தக் கதையைச் சொல்லவில்லை. ஒயிலை வடிக்கும்போது வெள்ளைத் துணியில் கொஞ்சம் எடுத்து, காந்தத்தையும் தடவிப் படம் அனுப்பு என்று மட்டும் சொன்னேன். கியர் பொக்ஸின் வடிகால் ஆணியில் வழமையாகக் கொஞ்சம் நுண்தூள் ஒட்டும், அது பரவாயில்லை. அவன் அனுப்பிய படத்தில் நகவெட்டுப் போன்ற இரண்டு துண்டுகள் கிடந்தன. இதற்கு எந்த ஒயிலும் மருந்தில்லை, அனுமதிப்பத்திரம் உள்ள பொறியியலாளரிடம் இப்போதே காட்டு, அவர் பார்க்கும்வரை அதைப் பறக்க விடாதே என்றேன். காட்டியிருக்கிறான். அவர் வண்டியை நிறுத்தி வைத்துவிட்டு, கியர் பொக்ஸைக் கழற்றும்போது இவனையும் பக்கத்தில் நிற்கச் சொன்னாராம்.