வீரமாமுனிவர் இட்ட சுழி

சித்திரைத் தேர்த் திருவிழாவின்போது, திருவரங்கம் ராஜகோபுரத்துக்கு அருகே யாரோ கட்டியிருந்த பதாகையில் 'கொடியேற்றம்' என்ற சொல்லைக் 'கோடியேற்றம்' என்று படித்துவிட்டேன். எழுத்துப் பிழை ஏதுமில்லை. மிகத் தடித்த எழுத்தைத் தேர்ந்து, எடுப்பாக இருக்கட்டும் என்று வலப்புறம் சாய்த்திருந்தார்கள். கொம்பின் சுழி மையில் அடைபட்டு, ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்றே தெரியவில்லை.

அந்த இரட்டைக் கொம்பைத் தமிழுக்குத் தந்தவராகப் போற்றப்படுபவர், இந்தத் திருச்சிச் சீமையில் வாழ்ந்த வீரமாமுனிவர். இத்தாலியில் 1680 நவம்பர் 8 அன்று பிறந்த ஜோசப் பெஸ்கி, இயேசு சபைத் துறவியாகி 1710-இல் இந்தியா வந்தார். கொள்ளிடத்துக்கு வடக்கே ஏலாக்குறிச்சியில் நெடுங்காலம் தங்கினார். 'தேம்பாவணி' என்னும் காப்பியம் பாடினார். திருச்சிராப்பள்ளியை ஆண்ட சந்தா சாகிபைக் காண்பதற்காகவே பாரசீகமும் உருதும் கற்றார் என்று வழிவழியாகச் சொல்வதுண்டு.

அவர் தமிழ் கற்ற காலத்தில் எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வடிவ வேறுபாடு இல்லை. குறிலுக்குத் தலையில் புள்ளி வைப்பதே தொல்காப்பியர் வகுத்த முறை. ஆனால், ஓலையில் எழுத்தாணியை அழுத்திப் புள்ளி குத்தினால் ஓலை பொத்தலாகும். ஏடு எழுதுவோர் அதை விட்டுவிட்டார்கள். கல்வெட்டுகளிலும் பெரும்பாலும் புள்ளி இராது. தாய்மொழியாளர் இடம் நோக்கிப் பொருள் கொண்டார்கள். அயலவருக்கு அந்த வசதி இல்லை. இடறிய கால்தான் கல்லைக் காணும். மேலும், 1732-இல் 'சதுரகராதி'யைத் தொகுத்தவருக்குக் குறிலும் நெடிலும் கலந்து கிடப்பது எவ்வளவு இடையூறாக இருந்திருக்கும்! ஏகாரத்துக்குக் கீழே ஒரு கோடு, ஓகாரத்துக்கு ஒரு சுழி, கொம்புக்கு மேலும் ஒரு சுழி. அவ்வளவுதான் திருத்தம்.

சாய்வெழுத்து பிறந்ததும் அவருடைய இத்தாலியில்தான். 1501-இல் வெனிஸ் நகர அச்சகர் ஆல்டஸ் மனுசியஸ், கையெழுத்தின் ஓட்டத்தை அச்சில் கொணர அதைக் கையாண்டார். பின்னாளில் முனைகளில் கீற்றுடைய தடித்த சாய்வெழுத்து, சுவரொட்டிக்கும் நூல் முகப்புக்கும் உரியதாயிற்று. மெல்லிய கோடும் பருத்த கோடும் மாறிமாறி வர, இரண்டு மூன்று சொற்களைப் பெரிதாகக் காட்டுவதற்கு அது தனியழகு. பத்தி முழுவதும் இட்டால் கண் சோரும். ஆனால், ரோமன் சாய்வெழுத்து நேரெழுத்தைத் தள்ளிச் சாய்த்தது அன்று, தனியே வரையப்பட்டது. தமிழில் பெரும்பாலும் நேரெழுத்தையே கணினி சரித்துவிடுகிறது. ணகரத்தின் சுழிகளும் கொம்பின் சுழிகளும் நெரிபட்டு, கோடு தடிக்கத் தடிக்க உள்வெளி மறைகிறது. தூரிகையால் பெயர்ப்பலகை எழுதியவர்கள் அந்த வெளியைக் கண்ணாலேயே அளந்து விட்டார்கள்.

முனிவர் 1747-இல் மறைந்தார். சென்னைக் கடற்கரையில் 1968 முதல் சிலையாக நிற்கிறார்.

மறுநாள் பதாகை அச்சிட்ட கடையைத் தேடிப் போனேன். கணினிமுன் இருந்த இளைஞரிடம் சொன்னதும், சாய்வை நீக்கித் தடிப்பையும் குறைத்துக் காட்டினார். சுழி திறந்தது. கோடி, கொடியாயிற்று.

"இது கொஞ்சம் சாதாரணமாகத் தெரிகிறதே, ஐயா" என்றார்.