ஊசி குத்தும் யானையும் காதில் பொத்தானும்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடும்மா என்று ஊக்குநர் அக்கா கேட்டபோது, பத்தாவதோடு படிப்பை நிறுத்தின எனக்கு என்ன எழுதத் தெரியும்னு முதலில் மறுத்துட்டேன். ஆனா எங்க குழுவில் தையல் மிஷின் வைத்திருக்கிற ஆறு பேரும் அடிக்கடி பேசிக்கிற ஒரு அம்மா இருக்காங்க. தொழில் பயிற்சியில் கேள்விப்பட்டு, பிறகு மகளோட செல்போனில் தேடிப் படித்தது. அவங்களைப் பற்றியே எழுதுகிறேன் சகோதரிகளே.

பெயர் மார்கரெட்டே ஸ்டைஃப். ஜெர்மனியில் கீங்கன் என்ற சின்ன ஊரில் 1847-ல் பிறந்தாங்க. அப்பாவுக்குக் கட்டட வேலை. ஒன்றரை வயதில் காய்ச்சல் வந்து இரண்டு காலும் விளங்காமல் போச்சு. வலது கையும் வலி, சரியா தூக்க வராது. இளம்பிள்ளை வாதம். வெளியூர் கூட்டிப் போய் வைத்தியம் பார்த்தும் குணமாகலை. பள்ளிக்கூடத்துக்குத் தள்ளுவண்டியில் வைத்துத்தான் பிள்ளைகள் இழுத்துட்டுப் போவாங்களாம்.

அந்தக் கையோடு தையல் படிக்கப் போனாங்க. நமக்கு இரண்டு கையும் நல்லா இருந்தே முதல் ஜாக்கெட்டில் கழுத்து கோணிப் போகுது! அவங்க விடாமல் படித்துத் தேறினாங்க. மேசையில் வைத்து மீட்டுகிற ஒரு தந்தி வாத்தியத்தை மற்றவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தும் கொஞ்சம் காசு சேர்த்தாங்க. அந்த ஊருக்கே முதல் தையல் மிஷின் அவங்க வீட்டுக்குத்தான் வந்ததாம். அது கையால் சக்கரம் சுற்றுகிற மிஷின். சக்கரம் வலது பக்கம் இருக்கும், இவங்களுக்கோ வலது கை முடியாது. என்ன செய்தாங்க தெரியுமா? மிஷினையே திருப்பிப் போட்டு இடது கையால் சுற்றித் தைத்தாங்க. இதைப் படித்த அன்றைக்கு ராத்திரி என் மிஷினைப் பார்த்துக்கிட்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

1877-ல் சொந்தமாகக் கடை. கம்பளியை அழுத்திச் செய்கிற ஃபெல்ட் என்ற கெட்டித் துணியில் உள்பாவாடை, பிள்ளைகளுக்குக் கோட்டு எல்லாம் தைத்து விற்றாங்க. இரண்டு மூன்று வருஷத்தில் குண்டூசி குத்தி வைக்க யானை உருவத்தில் குட்டி மெத்தை ஒன்று தைத்தாங்க. அந்த மாதிரிகூட அவங்க சொந்தமா வரைந்தது இல்லை, ஒரு தையல் பத்திரிகையில் வந்தது. ஆனா யானையைக் குழந்தைகள் எடுத்துட்டுப் போய் விளையாட ஆரம்பித்தாங்க. நானா இருந்தா, ஊசி இருக்குன்னு பிடுங்கி அலமாரி மேலே வைத்திருப்பேன். அவங்க கவனித்துப் பார்த்தாங்க. மரத்திலும் பீங்கானிலும் பொம்மை இருந்த காலம், கட்டிக்கிட்டுத் தூங்குகிற மெத்து பொம்மைக்குப் பிள்ளைகள் ஏங்குதுன்னு புரிந்துக்கிட்டாங்க. யானையையே பொம்மையாகத் தைத்தாங்க. தம்பி சந்தைக்குக் கொண்டுபோய் விற்றார். 1886-ல் 5,000 யானைக்கு மேல் விற்றிருக்கு. பிறகு கழுதை, குதிரை, பன்றி, ஒட்டகம் என்று போனது. புது மாதிரி எதுவானாலும் முதல் உருப்படியை அவங்க கையாலே தைத்துப் பார்த்த பிறகுதான் விற்பனைக்கு விடுவாங்க.

1902-ல் தம்பி மகன் ரிச்சர்டு, கை கால் அசைகிற கரடி பொம்மை ஒன்று செய்து காட்டினான். இது விற்குமா என்று அத்தைக்குச் சந்தேகம். ஆனாலும் வேண்டாம்னு தடுக்கலை. அடுத்த வருஷம் லைப்சிக் பொம்மைச் சந்தையில் அதை யாரும் சட்டை செய்யவில்லை. கடைசியில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு வியாபாரி 3,000 கரடி கேட்டார். எங்க குழுவுக்கு 300 பை ஆர்டர் வந்தாலே தூக்கம் போயிடும்! நூலால் கட்டின கை கால் நிற்கலைன்னு கம்பி போட்டு, அப்புறம் வட்டத் தட்டு போட்டு மாற்றி மாற்றிப் பார்த்தாங்க. அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் செல்லப் பெயர்தான் டெடி, அதுவே கரடிக்கும் ஒட்டிக்கிச்சு. 1907-ல் மட்டும் 9,74,000 கரடி. ஃபேக்டரியில் 400 பேர், வீட்டிலிருந்தே தைத்துக் கொடுத்தவங்க 1,800 பேர். நம்மள மாதிரி வீட்டு வேலைக்கு நடுவில் தைத்த பெண்கள் அதில் எத்தனை பேரோ.

பெயர் வந்ததும் பார்த்துத் தைக்கிறவங்களும் வந்துட்டாங்க. அதனால் 1904 முதல் ஒவ்வொரு பொம்மையின் இடது காதிலும் ஒரு உலோகப் பொத்தான் அடித்தாங்க. அது இன்னொரு தம்பி மகனோட யோசனை.

இந்தப் பொத்தானைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. போன வருஷம் ஒரு கடைக்காரர் எங்களிடம் 50 துணிப்பை வாங்கினார், நல்லா போச்சு. அடுத்து அதே மாதிரி மட்டமான துணியில் வேறு இடத்தில் தைத்து வாங்கி, குழுப் பை என்றே விற்றார். காது பிய்ந்ததும் பேச்சு வாங்கினது நாங்க. எங்க பை இதுதான்னு காட்ட அதில் ஒரு அடையாளமும் இல்லை. கடன் தவணைக்கு அந்த மாதம் சேமிப்பிலிருந்து எடுத்தோம்.

மார்கரெட்டே அம்மா 1909-ல் நிமோனியா காய்ச்சலில் இறந்துட்டாங்க. கல்யாணம் பண்ணிக்கலை, தொழிலைத் தம்பி பிள்ளைகள் நடத்தினாங்க. இன்றைக்கும் அந்தப் பொம்மைகளின் காதில் பொத்தான் இருக்கு.

நாங்க இப்போ பையின் உள்மடிப்பில் பச்சை நூலால் மூன்று தையல் போடுகிறோம். காதை இரட்டைத் தையல் போட்டு, இழுத்துப் பார்த்த பிறகுதான் அந்தப் பச்சை நூல். போன வாரம் நான் தைத்த நாலு பையை எங்க தலைவி அக்கா பிரித்துத் திரும்பத் தைக்கச் சொல்லிட்டாங்க.