ஹேபியர் அடிகளார்: அச்சத்தின் நடுவே ஒரு துணை

மட்டக்களப்பில் கூடைப்பந்தாட்டம் என்றதும் எங்கள் பெற்றோர் முதலில் சொல்லும் பெயர் அருட்தந்தை யூஜின் ஜோன் ஹேபியர் அடிகளாருடையது. 1990இல் சிறுபிள்ளைகளாக இருந்த நாங்களோ அவரைக் காணாமற்போனவர்களில் ஒருவராகவே அறிந்து வளர்ந்தோம். அவரது வாழ்வை முழுமையாக நினைவுகூர விரும்புகிறோம்.

அடிகளார் 1923இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஜெனிங்ஸ் என்ற ஊரில் பிறந்தார். இளவயதிலேயே இயேசு சபையில் சேர்ந்து, 1948இல் இலங்கைக்கு வந்தார். திருகோணமலையிலும், பின்னர் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் கற்பித்தார். கூடைப்பந்தாட்ட அணிகளைப் பயிற்றுவித்தார். பிற்காலத்தில் இளைஞர்களுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுக்கும் தொழில்நுட்ப நிலையத்தைப் பொறுப்பேற்று நடத்தினார். வாவிக்கரை வாழ்வே அவரது வாழ்வாயிற்று.

அச்சம் அவருக்குத் தெரியாததல்ல. மட்டக்களப்புப் பிரஜைகள் குழுவை வழிநடத்திய சந்திரா பெர்னாண்டோ அடிகளார் 1988 ஜூன் 6ஆம் திகதி சுட்டுக்கொல்லப்பட்டார். அதன் பின்னரும், 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது, ஹேபியர் அடிகளார் சமாதானக் குழுவில் இணைந்து பணியாற்றினார். பிள்ளையைத் தேடி அலைந்த தாய்மாருக்கு அக்குழுவே துணை நின்றது.

அந்த ஆகஸ்ட் மாதம் இரு சமூகங்களுக்கும் கொடியது. 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த 100க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 11ஆம் திகதி இரவு ஏறாவூரில் மேலும் 100க்கு மேற்பட்ட முஸ்லிம்கள் மாண்டனர். தமிழ்க் கிராமங்களும் இரத்தம் சிந்தின. அயலவரை அயலவர் அஞ்சிய அந்நாட்களில், வாழைச்சேனைத் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்களிடம் அடிகளார் சென்றார். அங்கிருந்த கன்னியாஸ்திரிகளும் மாணவிகளும் பாதுகாப்பாக வெளியேற உதவினார்.

ஆகஸ்ட் 15, மரியன்னையின் விண்ணேற்புப் பெருவிழா நாள். பேர்ட்ரம் பிரான்சிஸ் என்ற தமிழ் இளைஞருடன் ஸ்கூட்டரில் மட்டக்களப்பை நோக்கிப் புறப்பட்டார். ஏறத்தாழ 30 கிலோமீற்றர் பாதை, இடையில் ஏறாவூர். இருவரும் வந்து சேரவில்லை. உடல்களோ வாகனமோ கிடைக்கவில்லை. அப்போது அடிகளாருக்கு வயது 66.

மருத்துவர்களாகிய எங்களிடம் நித்திரையின்மை, நெஞ்சுப் படபடப்பு என்று வரும் தாய்மார் பலர், காணாமற்போன ஒருவரை இன்னும் எதிர்பார்த்திருப்பவர்கள். கல்லறை இல்லாத துயரத்திற்கு எங்களிடம் மருந்தில்லை. அருகில் இருந்து கேட்பதே இயலும். அடிகளாரும் அதைத்தான் செய்தார். அவருடைய விசுவாசம் அச்சத்தை நீக்கிவிட்டது என்று நாங்கள் சொல்லமாட்டோம். அஞ்சியிருந்தவர்களைத் தனியே விடாதிருக்க அது அவரைப் பாதையில் இறக்கியது. அவர் விரும்பியிருந்தால் பிறந்த நாட்டுக்குத் திரும்பியிருக்கலாம். கூடச் சென்ற இளைஞருக்கோ அந்த வழியும் இருக்கவில்லை. அவருடைய துணிவையும் நாம் மறக்கலாகாது.

அன்புப் பழைய மாணவிகளே, டொரொன்டோவிலோ மெல்பேணிலோ கல்லடியிலோ எங்கிருந்தாலும், ஆகஸ்ட் 15 அன்று அவரவர் சமய முறைப்படி ஒரு விளக்கேற்றுங்கள். இருவரது பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள்; அந்த மாதத்தில் மாண்ட முஸ்லிம் அயலவரையும் அந்த வேண்டுதலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.