காலைப் பாருங்க... பட்டாம்பூச்சியின் வேஷம் கலைந்துவிடும்!

ஒரே நிறம், ஒரே கோடு, ஒரே மாதிரி மெதுவாகப் பறக்கும் ரெண்டு பட்டாம்பூச்சிகள். ஒரே இனம்னுதானே நினைப்பீங்க? அப்படி இல்லை என்று உலகத்துக்குச் சொன்னவர் ஹென்றி வால்டர் பேட்ஸ்.

1825-ல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பிறந்தவர். பதிமூணு வயசுலேயே படிப்பு நின்றுபோய், காலுறை வியாபாரி ஒருவரிடம் வேலை பழகப் போனார். ஆனால், பூச்சி பிடிக்கும் ஆசை மட்டும் விடவில்லை.

1848-ல் நண்பர் வாலஸுடன் அமேசானுக்குக் கப்பலேறினார். பூச்சிகளைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பி விற்பதுதான் வருமானம். 1852-ல் ஊர் திரும்பிய வாலஸின் கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்து, அவர் சேகரித்ததில் பெரும்பகுதி போச்சு. பேட்ஸோ காய்ச்சல், பணமுடை, தனிமை எல்லாத்தையும் தாங்கிக்கொண்டு 11 வருஷம் அங்கேயே இருந்தார். 1859-ல் கிளம்பும்போது, தன் சேகரிப்பை மூணு கப்பல்களில் பிரித்து அனுப்பினார்.

அவர் சேகரித்தவை 14,000-க்கும் மேற்பட்ட இனங்கள். அதில் இருந்த ஒரு ஜோடிதான் நம்ம விஷயம். இதோமியா வகைப் பட்டாம்பூச்சிகள் பறவைகளுக்கு வாயில் வைக்க முடியாத அளவு கசப்பு. அதனால் பயமில்லாமல் நிதானமாகப் பறக்கும். டிஸ்மார்பியாவுக்கு அந்தக் கசப்பு கிடையாது. அது நம்மூர் வெள்ளைப் பட்டாம்பூச்சிகளின் சொந்தம். ஆனால், இதோமியாவின் நிறத்தை அப்படியே போட்டுக்கொண்டு, அதன் கூட்டத்திலேயே பறந்து தப்பிக்கும்.

எப்படிப் பிரிச்சுப் பார்ப்பது? இதோமியாவின் முன்னங்கால்கள் சிறுத்துப்போனவை. நாலு காலில்தான் நிற்கும். டிஸ்மார்பியாவுக்கு ஆறு காலும் முழுசா இருக்கும்.

இது தலைமுறை தலைமுறையாக நடந்த இயற்கைத் தேர்வின் வேலை என்று 1861-ல் லண்டன் லின்னேயன் சங்கத்தில் பேட்ஸ் விளக்கினார். டார்வின் கொள்கைக்குக் கண்ணெதிரே கிடைத்த சாட்சி அது. ஆனாலும், பிரிட்டிஷ் மியூசியத்தில் கேட்ட வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. 1864 முதல் 1892-ல் இறக்கும்வரை புவியியல் சங்கத்தில் உதவிச் செயலாளராகவே இருந்தார். இந்த வேஷத்துக்கு இன்றைக்கும் அவர் பேர்தான்: பேட்ஸ் போலி உரு.

இதை நம்ம ஊரிலேயே பார்க்கலாம். ஆடுதீண்டாப்பாளை தின்று வளரும் காமன் ரோஸ் பட்டாம்பூச்சி, பறவைகளுக்கு விஷம். கறிவேப்பிலைச் செடியில் முட்டையிடும் காமன் மார்மனில் சில பெண் பூச்சிகள் அதைப்போலவே வேஷம் போடும். ரோஸுக்கு உடம்பில் சிவப்பு இருக்கும். மார்மனுக்கு உடம்பு கறுப்புதான். அடுத்த தடவை இறக்கையை மட்டும் பார்க்காதீங்க, உடம்பையும் பாருங்க!